ஒரு நாளைக்கு இரண்டே மைல்!

மாரத்தான் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 42 கிலோமீட்டரை இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் ஓடி முடிக்கிற ஒல்லியான வீரர்கள்தானே? அதே தூரத்தைக் கடக்க இரண்டு வாரம் எடுத்துக்கொண்ட ஒருவரைப் பற்றிச் சொல்லட்டுமா?

பெயர் ஃபில் பேக்கர். பிரிட்டிஷ் ராணுவத்தில் மேஜராக இருந்தவர். 2008 பிப்ரவரியில் ஈராக்கிலுள்ள பாஸ்ராவில் நடந்த ராக்கெட் தாக்குதலின்போது அவருடைய முதுகுத்தண்டில் பலத்த அடி. 'இனிமேல் நடக்க முடியாது' என்றே டாக்டர்கள் சொன்னார்கள். மறு வருஷம் ஏப்ரல் 26-ம் தேதி, லண்டன் மாரத்தானில் ஊன்றுகோல்களோடு வந்து நின்றார் மனிதர்!

எதற்கு இந்தச் சிரமம்?

காயம்பட்ட ராணுவத்தினருக்கு உதவ 2007-ல் பிரிட்டனில் 'ஹெல்ப் ஃபார் ஹீரோஸ்' என்ற தர்ம ஸ்தாபனம் தொடங்கப்பட்டது. அதற்கு 10 லட்சம் பவுண்டு திரட்டித் தரவேண்டும் என்பது பேக்கரின் ஆசை. ''நான் இவ்வளவு தூரம் நடக்கிறேன்... நீங்க இவ்வளவு தாங்க'' என்று தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் கேட்பது அந்த ஊர் வழக்கம். மைலுக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு, மொத்தமாகக் கொடுப்பவர்களும் உண்டு. வரி கட்டுகிற ஒருவர் 1 பவுண்டு கொடுத்தால், அந்த வரியிலிருந்து இன்னொரு 25 பென்ஸை ஸ்தாபனம் அரசாங்கத்திடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அதென்ன இரண்டு வாரம்?

டாக்டர்கள் அனுமதித்தது தினம் 2 மைல்தான். காரணம் இருக்கிறது. மூளையின் கட்டளையைக் கால்களுக்குக் கொண்டுபோவது முதுகுத்தண்டுக்குள் இருக்கும் நரம்புக் கற்றை. அது பாதிக்கப்பட்டால் கால்களில் பலமும் குறையும், உணர்ச்சியும் குறையும். பாதத்தில் கொப்புளம் வந்தால்கூடத் தெரியாமல் போய், புண்ணாகிவிடலாம். ஊன்றுகோல் பிடித்தால் உடம்பின் பாரம் மணிக்கட்டிலும் தோள்பட்டையிலும் இறங்கும். சாதாரண நடையைவிட அதிக சக்தியும் செலவாகும்.

பேக்கர் அவசரப்படவில்லை. மே 9-ம் தேதி எல்லைக் கோட்டைத் தாண்டினார். மெடல் கொடுத்தவர் படகுப் போட்டி ஒலிம்பிக் வீரர் ஸ்டீவ் ரெட்கிரேவ். அடுத்த மாதமே அமெரிக்காவில், சுமார் 900 மீட்டர் உயரமுள்ள எல் கேபிடன் பாறையில் கை பலத்தாலேயே ஏறினார். அந்த வருஷமே 10 லட்சம் பவுண்டும் சேர்ந்துவிட்டது!

நீங்களும் நடக்கப் போகிறீர்களா?

நல்ல காரியத்துக்காக நடக்கிறவர்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. 'இத்தனை பேர் பணம் தந்திருக்கிறார்களே, பாதியில் நிறுத்தினால் என்ன நினைப்பார்கள்?' என்று உடம்பு கெஞ்சினாலும் கேட்காமல் நடப்பார்கள். வேண்டாம்!

* ரத்த அழுத்தம், சர்க்கரை, இருதயக் கோளாறு இருந்தால், பெயர் கொடுப்பதற்கு முன்பே டாக்டரைப் பாருங்கள்.

* இன்றைக்குச் சிரமமில்லாமல் முடிகிற தூரத்தில் ஆரம்பித்து, வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்கள்.

* சர்க்கரை நோயாளிகளுக்கும் பாதத்தில் உணர்ச்சி குறையலாம். நடந்து வந்ததும் தினமும் பாதங்களைப் பாருங்கள்.

* நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், தலைசுற்றல்... எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவி தேடுங்கள்.

நாலு மணி நேரத்தில் முடிக்க முடியாததைப் பதினாலு நாளில் முடித்தாலும், தர்மத்துக்குப் போய்ச் சேரும் பணம் குறையாது. பேக்கருக்கு யாரும் குறைத்துக் கொடுக்கவில்லையே!