வீடு பார்க்க வரும் உத்தியோகத்தர்

லுணுகலைப் பகுதியில் நாம் சந்திக்கும் குடும்பங்கள் அடிக்கடி ஒரு கேள்வியைக் கேட்கின்றன. "பிள்ளை எடுக்க விண்ணப்பம் போட்டால் நன்னடத்தைக் கந்தோரிலிருந்து வீடு பார்க்க வருவார்களாமே! மண்சரிவுக்குப் பிறகு நாங்கள் கிடப்பதோ இப்படியான இடத்தில். இதைப் பார்த்துவிட்டு எங்களிடம் பிள்ளையைத் தருவார்களா?" கேட்பவர்களில் பலர் புதிதாகப் பிள்ளை தேடுபவர்கள் அல்லர். இறந்துபோன தம்பியின் மகனையோ அக்காவின் மகளையோ ஏற்கனவே தம் பிள்ளையாக வளர்த்து வருபவர்கள்.

இடம்பெயர்வு எமது மக்களுக்குப் புதியதல்ல. 1977, 1983 கலவரங்களுக்குப் பின் வன்னிக்குப் போனவர்கள், 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண் மூடியபோது வீடிழந்தவர்கள், 2025 நவம்பரில் டிட்வா புயலோடு வந்த மழையில் வெளியேறியவர்கள் என்று வரிசை நீள்கிறது. தாய் தகப்பனை இழந்த பிள்ளையை உறவினர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வளர்ப்பதும் எம்மிடையே வழக்கம். அதற்கு யாரும் பத்திரம் எழுதுவதில்லை. அன்பிலும் குறைவில்லை. ஆனால் பாடசாலையில் சேர்க்கும்போதும், அடையாள அட்டை எடுக்கும்போதும், வளர்த்தவர் கண்மூடியபின் காணியைப் பிரிக்கும்போதும் அந்தப் பிள்ளை வெளியாளாக நிற்கிறது.

இதற்குச் சட்டம் காட்டும் வழி மகவேற்பு. 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளை மகவேற்புக் கட்டளைச் சட்டம் இதைச் சொல்கிறது. பிள்ளை சட்டம் குறிக்கும் வயதெல்லைக்குள் இருக்கவேண்டும். எடுப்பவர் 25 வயதுக்கு மேற்பட்டவராகவும், பொதுவாகப் பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராகவும் இருக்கவேண்டும். கணவன் மனைவி இருவரும் சம்மதிக்கவேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையாயின் பிள்ளையின் சம்மதமும் தேவை. கட்டளையை வழங்குவது நீதிமன்றம். அதற்கு முன் குடும்பத்தைப் பற்றி அறிக்கை எழுதுபவர் நன்னடத்தை உத்தியோகத்தர். அவர் வீட்டுக்கு வருவது அதற்காகத்தான்.

ஏன் இத்தனை விசாரணை என்று சிலர் கோபிக்கிறார்கள். காரணம் உண்டு. 1970களிலும் 80களிலும் சுமார் 11,000 இலங்கைக் குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்குக் கொடுக்கப்பட்டன. அவற்றில் பல பொய்ப் பத்திரத்தோடும், தாயைப் போல நடித்த வேறு பெண்களின் கையொப்பத்தோடும் போயின என்பது 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் மூலம் பெரிதாக வெளிவந்தது. இன்று அந்தப் பிள்ளைகள் நடுவயதில் வந்து பெற்ற தாயைத் தேடுகிறார்கள். பணம் கைமாறும் மகவேற்பைச் சட்டம் தடுக்கிறது. ஆகவே "நான் முடித்துத் தருகிறேன், இவ்வளவு கொடுங்கள்" என்று வரும் தரகரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

இனி வீட்டுக்கு வருவோம். லயத்துக் காம்பராவா, தற்காலிகக் கொட்டிலா என்பது மட்டும் முடிவைத் தீர்மானிப்பதில்லை. பிள்ளை படுக்க உலர்ந்த இடம் இருக்கிறதா, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, மலசலகூடம் எத்தனை பேருக்கு, இரவில் பிள்ளை யாரோடு உறங்கும், அடுத்த மழைக்கு அந்த இடம் பாதுகாப்பானதா என்பனவே பார்க்கப்படும். தற்காலிக இடத்தில் இருப்பவர்கள் அதை மறைக்கவேண்டாம். நிரந்தர வீடு அல்லது காணி பற்றிப் பிரதேச செயலகத்திலிருந்து வந்த கடிதம் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். கடிதம் இல்லையென்றால் எங்கே விண்ணப்பித்திருக்கிறோம் என்பதைச் சொல்லுங்கள்.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் உத்தியோகத்தர் வரும் நாளுக்காகப் பக்கத்து வீட்டிலிருந்து கதிரைகளும் தொலைக்காட்சிப் பெட்டியும் இரவல் வாங்கி வைத்தது. பேச்சின் நடுவே பக்கத்து வீட்டுச் சிறுவன் வந்து, "மாமி, எங்கட டீவி எப்ப தருவீங்க?" என்று கேட்டுவிட்டான். உத்தியோகத்தரும் சிரித்துவிட்டாராம். ஆனால் அதற்குப் பிறகு வருமானம் பற்றிச் சொன்னதையெல்லாம் இரண்டு முறை கேட்டார். ஒரு சிறு பொய், மற்ற உண்மைகளையும் சந்தேகத்துக்குள்ளாக்கிவிடுகிறது.

வருமானத்தை உள்ளபடி சொல்லுங்கள். கொழுந்துச் சம்பளம், மரக்கறித் தோட்டம், பால், வெளிநாட்டிலிருந்து வரும் பணம், கடன் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டால் தடுமாற்றம் இராது. கடன் இருப்பது குற்றமல்ல. அதை எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதைச் சொல்லத் தெரியவேண்டும். விவாகச் சான்றிதழ், இருவரின் பிறப்பத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, கிராம சேவகரின் கடிதம், வைத்திய அறிக்கை முதலியவற்றை ஒரு உறையில் போட்டு வையுங்கள். வெள்ளத்திலும் மண்ணிலும் பத்திரங்களைத் தொலைத்தவர்கள் முதலில் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கவேண்டும். பெயர் ஒரு பத்திரத்தில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருப்பது தோட்டங்களில் சாதாரணம். இதை முன்கூட்டியே சரிசெய்யாவிட்டால் வழக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

கேள்விகள் வீட்டாரோடு நிற்பதில்லை. பாட்டி, பெரிய பிள்ளைகள், அயலவர் ஆகியோரிடமும் விசாரிக்கப்படலாம். "தம்பி வந்தால் என் புத்தகத்தைக் கிழிப்பான்" என்று உங்கள் மகள் சொன்னால் அவளை அதட்டவேண்டாம். அவளோடு முன்பே மனம்விட்டுப் பேசியிருக்கவேண்டும் என்பதற்கு அது அடையாளம். வீட்டில் குடி இருந்தால் அதைப் பற்றியும் கேள்வி வரும். அயலவர் சொல்லாமல் விடமாட்டார்கள். விண்ணப்பம் போடுமுன் அந்த விடயத்தைத் தம்பதியர் தமக்குள் பேசித் தீர்ப்பதே நல்லது என்பது எமது அபிப்பிராயம்.

இன்னொரு கேள்வி கட்டாயம் வரும்: "பிள்ளைக்கு உண்மையைச் சொல்வீர்களா?" பலர் "ஒருபோதும் சொல்லமாட்டோம்" என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். லயத்தில் எந்த இரகசியமும் நிற்பதில்லை. பீலியடியில் சண்டை வரும் நாளில் வேறொருவர் வாயால் பிள்ளை அதைக் கேட்கும். சிறு வயதிலேயே நீங்கள் சொல்வது மேல்.

ஒன்றை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். மகவேற்புக் கட்டளை கிடைத்தபின் பெற்றவரின் உரிமை நீங்கிவிடுகிறது. தாய் வேலைக்காகக் குவைத்துக்கோ சவூதிக்கோ போயிருக்கும் பிள்ளைக்கு இது பொருத்தமான வழியல்ல. அவள் திரும்பி வருவாள். அப்படியான பிள்ளையை உறவினர் பொறுப்பில் விடுவதற்கு நீதிமன்றத்தில் வேறு வழி உண்டு. பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் முதலில் கேளுங்கள்.

கட்டளை வழங்கப்பட்டபின் பதிவாளர் நாயகத்தின் மகவேற்புப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர் ஏறும். அதன் சான்றிதழில் இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை வீட்டிலும் மற்றதை மண்சரிவு எட்டாத இடத்திலுள்ள உறவினர் வீட்டிலும் வையுங்கள்.