கைச் சைக்கிளுக்கு எந்த மோட்டார்? வாங்குமுன் உங்கள் தோள்களைக் கேளுங்கள்

"டாக்டர், எத்தனை வாட் மோட்டார் வாங்கலாம்?" தண்டுவடக் காயத்தால் கால்கள் செயலிழந்து, கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியைப் பயன்படுத்துவோர் எங்கள் மறுவாழ்வுப் பிரிவில் அடிக்கடி எழுப்பும் கேள்வி இது. விடை கூறுமுன், எங்களிடம் சிகிச்சை பெறும் இருவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாமவர் ஓர் இளைஞர். ஆக்சிலரேட்டரைத் திருகினால் தானே ஓடும் ஆற்றல்மிக்க மோட்டாரைப் பொருத்திக்கொண்டார். சில மாதங்களில் கைகளால் சுழற்றுவதையே விட்டுவிட்டார். உடல் எடை கூடியது. தோள் வலிமை குறைந்தது. இரண்டாமவர் பணிக்குச் செல்லும் பெண்மணி. மோட்டார் ஏதுமின்றி, நாள்தோறும் ஒரு மேட்டுச் சாலையைத் தம் கைவலிமையாலேயே ஏறிவந்தார். ஓராண்டில் தோள்பட்டைத் தசைநாண் கிழிந்தது. இருவரும் இழந்தது ஒன்றையே: பிறர் உதவியின்றிப் படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறும் திறன்.

நடக்க இயலாதவர்க்குத் தோள்மூட்டே காலின் வேலையையும் செய்கிறது. ஆகவே மோட்டார் தோளை ஓய்வில் வைத்துவிடவும் கூடாது. தோள் தேய்ந்துபோக விடவும் கூடாது. கைகள் இயன்றதைச் செய்ய, குறைவதை மட்டும் மோட்டார் ஈடுசெய்ய வேண்டும்.

எவ்வளவு ஆற்றல் போதும்?

பயணியும் வண்டியும் சேர்ந்து 105 கிலோ எனக் கொள்வோம். இருபது மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் ஏற, 100 வாட்டுக்குச் சற்று மேற்பட்ட ஆற்றல் வேண்டும். தனிப் பயிற்சி பெறாத கைகள் களைப்பின்றித் தொடர்ந்து தரக்கூடியது ஏறத்தாழ 30 முதல் 50 வாட் வரை. எஞ்சிய 60, 70 வாட்டே மோட்டாரின் பங்கு. எனவே அன்றாடப் பயணத்துக்கு 250 வாட் மோட்டார் தாராளமாகப் போதும். அதே மேட்டை 12 கி.மீ. வேகத்தில் ஏற விரும்பினால் தேவை இருமடங்காகும். பெரிய மோட்டாரைக் கேட்பது பெரும்பாலும் மேடு அன்று, வேகமே.

மோட்டார் வாகன விதிகளையும் நினைவில் கொள்ளுங்கள். 250 வாட்டுக்குக் குறைவாகவும், 25 கி.மீ. வேகத்தை எட்டியதும் தானே நின்றுவிடுவதாகவும் உள்ள துணை மோட்டார் கொண்ட மிதிவண்டிகளை நம் நாட்டு விதிகள் மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை.

மிட்-டிரைவின் சிறப்பு என்ன?

சக்கரத்தின் நடுவில் அமையும் ஹப் மோட்டார் சக்கரத்தை நேரடியாகச் சுழற்றுகிறது. வண்டியின் கியரால் அதற்குப் பயனில்லை. மேட்டில் வண்டி மெதுவாகும்போது மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகும். மிட்-டிரைவ் மோட்டாரோ கைப்பிடி சுழலும் அச்சில் பொருந்தி, சங்கிலியையும் கியரையும் வழியாகக் கொண்டு சக்கரத்தைச் செலுத்துகிறது. கியரைக் குறைத்தால் மோட்டாரும் கைகளும் இதமான வேகத்தில் சுழன்றபடியே மேடேறலாம். மின்கலம் தீர்ந்துபோனாலும் அதே கியர்களின் உதவியால் கைகளாலேயே வீடு திரும்ப வாய்ப்புண்டு. இறங்கித் தள்ளிச் செல்ல இயலாதவர்க்கு இது சிறிய நன்மை அன்று.

குறைகளும் உண்டு. முழு விசையும் சங்கிலி வழியே செல்வதால் சங்கிலியும் பற்சக்கரங்களும் விரைவில் தேயும், விலையும் கூடுதல். தஞ்சை போன்ற சமவெளியில் குறுந்தொலைவு செல்வோர்க்கு ஹப் மோட்டாரே போதுமானதாகலாம். உதகை, ஏற்காடு போன்ற மலைப்பகுதியினர்க்கும், நாள்தோறும் மேம்பாலம் ஏறுவோர்க்கும் மிட்-டிரைவ் ஏற்றது.

கைச் சைக்கிளுக்கே உரிய சோதனைகள்

மிட்-டிரைவ் மோட்டார்கள் காலால் மிதிக்கும் சைக்கிளுக்காக வடிவமைக்கப்பட்டவை. ஆகவே கைச் சைக்கிளில் பொருத்துமுன் பின்வருவனவற்றை ஓட்டிப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

முதலாவது, உணரி. சில மோட்டார்கள் கைப்பிடி சுழல்கிறதா என்பதை மட்டுமே அறியும்; வேறு சில நீங்கள் எவ்வளவு விசை தருகிறீர்கள் என்பதை அளந்து அதற்கேற்ப உதவும். இரண்டாம் வகையே கைகளுக்கு உகந்தது. அதில்தான் உங்கள் உழைப்பு தொடர்கிறது.

இரண்டாவது, நிற்கும் வேகம். கைச் சைக்கிள்கள் பலவற்றில் சுழற்றுவதும் திருப்புவதும் ஒரே கைப்பிடியால்தான். சுழற்றுவதை நிறுத்திய பின்னும் மோட்டார் ஒரு நொடி இழுத்தால், வளைவில் வண்டி தடம் மாறும். பிரேக்கைத் தொட்டதும் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது, பிரேக். கழுத்துப் பகுதியில் காயமுற்று விரல் பிடி தளர்ந்தவர்கள், கைப்பிடியைப் பின்னோக்கிச் சுழற்றி நிறுத்தும் பிரேக்கையே நம்பியிருப்பர். மிட்-டிரைவ் மோட்டார்கள் பலவற்றில் அது வேலை செய்யாது. வாங்குமுன் உறுதி செய்யுங்கள்.

நான்காவது, முன்சக்கரத்தின் பிடிமானம். கைச் சைக்கிளில் பெரும்பாலும் முன்சக்கரமே வண்டியை இழுக்கிறது. மேட்டில் எடை பின்னோக்கிச் சாய, முன்சக்கரம் மணலிலும் ஈரத்திலும் வழுக்கும். ஆற்றலைக் கூட்டினால் வழுக்கலே கூடும்.

ஐந்தாவது, மின்கலம். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி மின்கலத்தில் 360 வாட்-மணி ஆற்றல் இருக்கும். கிலோமீட்டருக்கு 10 முதல் 15 வாட்-மணி செலவாகும் எனக் கொண்டால் 24 முதல் 36 கி.மீ. வரை செல்லலாம். மூன்றில் ஒரு பங்கை எப்போதும் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

உடல் தரும் எச்சரிக்கைகள்

உணர்வற்ற கால்கள் சூடான மோட்டாரில் உராய்ந்தால் வலி தெரியாது. கொப்புளம் மட்டுமே பிறகு கண்ணில் படும். கால்களை இடைவெளி விட்டுப் பட்டையால் கட்டுங்கள். சங்கிலிக்கு மூடி அவசியம். நெடும்பயணத்தில் இடையிடையே உடலை உயர்த்தியோ சாய்த்தோ அமர்விடத்தின் அழுத்தத்தைக் குறையுங்கள். வீடு திரும்பியதும் தோலைப் பாருங்கள்.

நடுமார்புக்கு மேல் காயமுற்றோர்க்கு உடலின் பெரும்பகுதியில் வியர்வை சுரக்காது. மோட்டார் இருக்கும் துணிவில் உச்சி வெயிலில் வெகுதூரம் செல்லாதீர்கள். திடீரெனக் கடுந்தலைவலியும் முகச்சிவப்பும் தோன்றினால் இரத்த அழுத்தம் மிக உயர்ந்திருக்கலாம். வண்டியை நிறுத்தி நிமிர்ந்து அமருங்கள். இறுக்கமான பட்டைகளைத் தளர்த்துங்கள். சிறுநீர்க் குழாய் மடங்கியுள்ளதா, பை நிரம்பியுள்ளதா எனப் பாருங்கள். உடனே மருத்துவ உதவியை நாடுங்கள்.

பராமரிப்போர்க்கு ஒரு வேண்டுகோள். அன்பின் மிகுதியால் மிகப் பெரிய மோட்டாரை வாங்கித் தந்துவிடாதீர்கள். அவர் நாள்தோறும் செல்லும் பாதையின் மேடுகளையும் தொலைவையும் குறித்துக்கொண்டு, வாங்குமுன் அவருடன் எங்கள் பிரிவுக்கு வாருங்கள். தோளைப் பரிசோதித்து, இயன்முறை மருத்துவருடன் சேர்ந்து மோட்டாரின் உதவி அளவை வரையறுத்துத் தருகிறோம். மேற்சொன்ன இளைஞர் இப்போது ஆக்சிலரேட்டரைக் கழற்றிவிட்டார். மோட்டாரைக் குறைந்த உதவியில் வைத்து, தாமே சுழற்றியபடி வருகிறார். படுக்கைக்கும் நாற்காலிக்கும் இடையே மாற மீண்டும் அவருக்குப் பிறர் துணை தேவைப்படுவதில்லை.