குறைமாதக் குழந்தைகள்

பத்துத் திங்கள் சுமந்து பெற்றவள் என்று தாயைப் போற்றுதல் தமிழ் மக்களின் வழக்கு. திங்களுக்கு 28 நாளாகக் கணக்கிடின், பத்துத் திங்கள் 280 நாள், அஃதாவது 40 வாரம் ஆகும். மருத்துவர் கூறும் கருக்காலமும் இதுவே. 37 வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் மகவைக் குறைமாதக் குழந்தை என்பர். 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் இவ்வாறு பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் என மதிப்பிட்டுள்ளனர். அவற்றுள் ஏறத்தாழ 30 இலட்சம் நம் நாட்டில் பிறந்தவை. ஐந்து வயதிற்குள் இறக்கும் குழந்தைகளின் இறப்பிற்கு முதற்காரணம் குறைமாதப் பிறப்பே. ஆதலின் இஃது ஒரு வீட்டின் துயரம் மட்டுமன்று. நாட்டின் கவலையும் ஆகும்.

முந்திப் பிறந்த குழந்தைக்கு நேரும் இடர்கள் யாவை? தோலின்கீழ்க் கொழுப்புக் குறைந்திருத்தலால் அதன் உடல் விரைவில் குளிர்ந்துவிடும். நுரையீரல் முதிராமையால் மூச்சுத் திணறும். பாலை உறிஞ்சி விழுங்கும் ஆற்றலும், நோயை எதிர்க்கும் ஆற்றலும் குறைந்திருக்கும்.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியில், சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையை அடுத்து அமைந்தது கும்மிடிப்பூண்டி. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகள் முதலாகப் பல தொழிற்சாலைகள் இயங்குகின்றன. பிற மாநிலத்தாரும் வேலை நாடி வந்து வாழ்கின்றனர். இத்தகைய ஊர்களில் கருவுற்ற பெண்டிரைக் காப்பதில் தனிக்கருத்துச் செலுத்துதல் வேண்டும். நெடுநேரம் நின்று உழைத்தல், பளு தூக்குதல், கடும் வெப்பம், புகையில் கலந்த நுண்துகள் ஆகியவை குறைமாதப் பிறப்பிற்கு இடந்தரும் என ஆய்வாளர் கண்டுள்ளனர். சோகை, இரத்தக் கொதிப்பு, நோய்த் தொற்று, இளவயது மகப்பேறு, இரட்டைக் கரு ஆகியனவும் காரணங்களாம். காரணம் புலப்படாமல் நிகழ்வனவும் பல. ஆதலின் தாயைப் பழித்தல் அறமன்று.

தடுத்தற்கு உரியவற்றைத் தடுத்தல் நம் கடன். கருவுற்றதைக் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் உடனே பதிவு செய்தல் வேண்டும். சோதனைகளைத் தவறாது செய்துகொள்ளுதல் வேண்டும். 1961ஆம் ஆண்டின் மகப்பேற்றுப் பயன் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, அதற்குட்பட்ட தொழிலிடங்களில் முதலிரண்டு மகப்பேறுகளுக்கு 26 வார ஊதிய விடுப்பு அளித்தது. காலத்திற்கு முன் வலியோ, நீர்க்கசிவோ, குருதிப்போக்கோ தோன்றின் 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும். உரிய வேளையில் மருத்துவமனையை அடைந்தால், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஊசியைத் தாய்க்கு இடுவர். ‘விடியட்டும், பார்க்கலாம்’ என்று வீட்டில் தங்கினால் அவ்வாய்ப்புக் கைநழுவும்.

பிறந்தபின் காக்கும் வழி ஒன்று மிக எளியது. 1978ஆம் ஆண்டில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகர மருத்துவமனையில் குழந்தைகளை வெதுவெதுப்பாக வைக்கும் கருவிகள் போதவில்லை. அங்கிருந்த எட்கர் ரே என்னும் மருத்துவர், குழந்தையைத் தாயின் மார்போடு தோலுடன் தோல் பொருந்த அணைத்து வைக்கச் செய்தார். கங்காரு தன் குட்டியை மடியிற் பேணுதல் போன்றமையால் இதனைக் கங்காரு முறை என்பர். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு, எடை மிகக் குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடனே இம்முறையைத் தொடங்கினால் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறையும் எனக் காட்டியது. தந்தையும் இவ்வாறு அணைத்துப் பேணலாம்.

அண்டை வீட்டில் தமிழ் அறியாத தாய் ஒருத்தி கருவுற்றிருப்பின், அவளைச் செவிலியரிடம் அழைத்துச் செல்லுதல் மாணவர்க்கும் இயலும். இரும்பை உருக்கி உலகிற்கு வழங்கும் ஊரில், தாயின் குருதியில் இரும்புச் சத்துக் குறைதல் தகுமோ? ஊர் விழித்திருப்பின் உயிர்கள் பிழைக்கும்.