கார் திரைக்கும் தீம் உண்டு!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவுடன் நம்மில் பலர் முதலில் மாற்றுவது வால்பேப்பரையும் தீமையும்தான். கார் டேஷ்போர்டில் உள்ள திரையிலும் இதைச் செய்யலாம். போனில் உள்ள மேப், பாட்டு, அழைப்புகளைக் கார் திரையில் காட்டும் ஆப்பிள் கார்ப்ளே 2014லும், ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015லும் வந்தன. கம்ப்யூட்டரில் தீம் அழகுக்காக. காரில் அது பாதுகாப்புக்காகவும்தான்.

சுரண்டையிலிருந்து தென்காசிக்கு இரவில் நான் காரில் போகும்போது, ஊரைத் தாண்டியதும் வயல்களுக்கு நடுவே கும்மிருட்டு. வெள்ளை மேப் பளிச்சென்று எரிந்தால் கண் கூசும். அடுத்த நொடி சாலையைப் பார்த்தால், முன்னால் விளக்கில்லாமல் போகும் சைக்கிள் தெரியாது. கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும்.

என்ன செய்ய வேண்டும்?

1. காரை நிறுத்திவிட்டு ஹெட்லைட்டைப் போடுங்கள். பல கார்களில் மேப் தானாகவே கறுப்பு நிறத்துக்கு மாறும்.

2. மாறவில்லையா? கார்ப்ளேயில் செட்டிங்ஸ் சென்று, அப்பியரன்ஸ் பிரிவில் 'ஆல்வேஸ் டார்க்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டு ஆட்டோ என்றால் மேப்பின் செட்டிங்ஸில் பகல், இரவு நிறத் தேர்வைப் பாருங்கள்.

3. தீம் வேறு, பிரைட்னஸ் வேறு. கறுப்பு தீம் வைத்த பிறகும் காரின் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் பிரைட்னஸைக் குறையுங்கள்.

4. வெளிர் நிற வால்பேப்பரைத் தவிர்த்து, அடர் நிறத்தில் ஒன்றை வையுங்கள்.

குற்றால சீசனுக்குக் குடும்பத்தோடு கிளம்பும் முன் இதையெல்லாம் முடித்துவிடுங்கள். ஓடும் காரில் செட்டிங்ஸைத் தொடவே வேண்டாம்.