பழைய பிஸ்டனைக் கேட்டு வாங்குங்கள்

ஒன்ராறியோவில் காரைப் பழுதுபார்க்கக் கொடுத்தால் சட்டம் கராஜ் வரைக்கும் கூட வரும். மெக்கானிக் முன்கூட்டியே செலவு மதிப்பீடு தர வேண்டும்; வேண்டாமென்று நீங்கள் சொல்லாதவரை, கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர முன்வர வேண்டும்; போட்ட பாகத்துக்கும் செய்த வேலைக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம் உண்டு. ஸ்நோமொபைலுக்கு இவை தாமாகக் கிடைப்பதில்லை. இந்த விதிகள் பின்பற்றுவது நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் ‘மோட்டார் வாகனம்’ என்ற வரையறையை; அதற்குள் ஸ்நோமொபைல் வராது. ஆயிரக்கணக்கில் டொலரைக் கொட்டி வாங்கியவருக்கு இது தெரியவருவது பெரும்பாலும் எஞ்சின் இறுகிப்போன பிறகுதான்.

அந்த நேரத்தில் எல்லோரும் புது பிஸ்டன் என்ன விலை என்றுதான் கேட்பார்கள். பழையது ஏன் போனது என்று முதலில் கேளுங்கள்.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குள் போகும் கலவையில் இருக்கும் எண்ணெய்தான் பிஸ்டனை வழுக்கி ஓடவைக்கிறது. பெற்றோல் குறைந்து காற்று மிஞ்சினால் சூடு ஏறும். அலுமினியப் பிஸ்டன் உருகிச் சிலிண்டர் சுவரில் அப்பிக்கொள்ளும். குளிர் கூடும்போது காற்று அடர்த்தியாகிறது. கார்புரேட்டர் வண்டிக்கு அப்போது பெற்றோலும் கூடுதலாக வேண்டும். கோடை முழுவதும் தொட்டியில் கிடந்த பெற்றோல் பிசினாகி ஜெட்டின் ஊசித்துளையை அடைத்திருந்தால் அது எங்கிருந்து வரும்? கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் வெடித்திருக்கலாம், கிராங்க் சீல் கசிந்து கள்ளக்காற்று நுழையலாம். இவற்றைத் தேடாமல் பிஸ்டனை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில்தான் போகும். உடைந்த துணுக்குகள் கிராங்க் அறைக்குள் விழுந்திருந்தால் பேரிங்கும் சேர்ந்து போகும்.

கழற்றிய பிஸ்டன் நிறையச் சொல்லும். நான்கு மூலைகளிலும் உரசல் இருந்தால், எஞ்சின் சூடாகுமுன் முழுவேகத்தில் விரட்டியிருக்கலாம். அப்போது பழி ஓட்டியவர் தலையில் விழும். பிளக் வெள்ளையாய் வெளுத்திருந்தால் காற்று மிகுதி என்று சந்தேகிக்கலாம். இரண்டு சிலிண்டர்களின் கம்ப்ரஷன் அளவும் 10 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் குறைந்த பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். வாசல்களை எல்லாம் அடைத்து, கிராங்க் அறைக்குள் மெல்லக் காற்றேற்றி, அழுத்தம் நிற்கிறதா என்று பார்ப்பது சீல் கசிவைக் காட்டிக்கொடுக்கும். சோம்பல்பட்ட மெக்கானிக் தட்டிக்கழிக்கும் சோதனை இதுதான். நிறுவன உத்தரவாதம் மிச்சமிருந்தால் சீல் கசிவு என்ற ஒரு வரி யார் பணம் கட்டுவது என்பதையே மாற்றக்கூடும். எனவே சோதனை முடிவுகளை எழுத்தில் கேளுங்கள், படமும் எடுத்துவையுங்கள்.

சட்டம் அடியோடு கைவிட்டுவிடவில்லை. ஒன்ராறியோவின் 2002 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் மதிப்பீடு ஒன்று இருந்தால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது; வேலையும் நியாயமான தரத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் ஸ்நோமொபைலுக்கும் பொருந்தும். ஆனால் மதிப்பீட்டைத் தரும்படி கட்டாயப்படுத்தும் விதி கார் போன்ற மோட்டார் வாகனங்களுக்குத்தான். வாய்க்கணக்கை நம்பி வண்டியை இறக்கிவிட்டு வந்தால் அந்த 10 சதவீதக் காப்பைக் காட்டி வாதாடுவது சிரமம்.

பில்லில் தகராறு வந்தால், பணம் கட்டும்வரை வண்டியைப் பிடித்துவைக்கும் உரிமை கராஜுக்கு உண்டு. கோபத்தில் இரவோடிரவாக ஏற்றிக்கொண்டு வர நினைக்காதீர்கள். கேட்ட தொகையை நீதிமன்றத்தில் கட்டி, வண்டியை மீட்டுக்கொண்டு வழக்காடச் சட்டத்தில் வழி இருக்கிறது. தனியாரிடம் பழைய வண்டி வாங்குபவருக்கு நுகர்வோர் சட்டம் துணைவராது. அவர் பணம் கொடுக்குமுன் கம்ப்ரஷன் பார்த்துவிடுவது நல்லது.

வீட்டிலேயே கைவைப்பவர்களுக்கு ஒன்று: குளிர் என்று கராஜ் கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓடவிடாதீர்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.

வண்டியைக் கொடுக்கும்போது வேலைத்தாளில் மதிப்பீட்டுத் தொகையையும் ‘பழைய பாகங்கள் திருப்பித் தரப்பட வேண்டும்’ என்பதையும் எழுதவைத்து, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.