ரயிலடியைச் சுற்றி ஓர் ஊர்

மும்பை நீளமான ஊர். மேற்கே கடல். தெற்கே கடல். கிழக்கே துறைமுகம். ஊர் வளர வேண்டுமானால் வடக்கே மட்டும்தான் வளர முடியும். ஆனால் வேலையெல்லாம் தெற்கு முனையில் இருந்தது. வங்கிகள், பெரிய அலுவலகங்கள், அரசின் தலைமைச் செயலகம் எல்லாம் அங்கேதான். அதனால் காலையில் எல்லோரும் தெற்கே போவார்கள். மாலையில் எல்லோரும் வடக்கே திரும்புவார்கள். மின்சார ரயிலில் ஆட்கள் தொங்கிக்கொண்டு போகும் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தாராவியிலும் மாதுங்காவிலும் இருக்கும் தமிழர்களைக் கேட்டால் அந்தப் பயணத்தைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள்.

1965-ல் மூன்று பேர் இதற்கு ஒரு யோசனை சொன்னார்கள். சார்லஸ் கோரியா, பிரவீணா மேத்தா ஆகிய இருவரும் கட்டடக் கலைஞர்கள். சிரீஷ் படேல் பொறியாளர். மும்பைக்குக் கிழக்கே தானே கடற்கழி இருக்கிறது. கடல்நீர் உள்ளே புகுந்து ஓடும் இடம் அது. அதற்கு அக்கரையில் நிறைய நிலம் இருந்தது. அங்கே ஒரு புது ஊர் கட்டலாம், வேலையையும் அங்கே கொண்டுபோகலாம் என்றார்கள்.

1970-ல் மகாராஷ்டிர அரசு இதற்காகவே சிட்கோ என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. 95 கிராமங்களைச் சேர்ந்த 344 சதுர கிலோமீட்டர் பரப்பு திட்டத்துக்குள் வந்தது. புது ஊரின் பெயர் நவி மும்பை. ‘புதிய மும்பை’ என்று பொருள்.

இதை ஒரே பெரிய ஊராகக் கட்டவில்லை. 14 சிற்றூர்களாகப் பிரித்தார்கள். வாஷி, நேருள், பேலாப்பூர் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பள்ளி, தனிக் கடைத்தெரு. ஒன்றோடு ஒன்றை ரயில் இணைக்க வேண்டும். ஒவ்வொரு சிற்றூரின் கடைத்தெருவும் அலுவலகங்களும் ரயிலடியை ஒட்டி இருக்க வேண்டும். திட்டம் இதுதான்.

நடக்கும் தூரம்

ரயிலடியை ஒட்டி என்றால் எவ்வளவு தூரம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சாதாரணமாக நடப்பவர் பத்து நிமிடத்தில் சுமார் 800 மீட்டர் போவார். அதற்கு மேல் என்றால் பஸ்ஸையோ ஆட்டோவையோ தேடுவார். ரயிலடியை நடுவில் வைத்து 800 மீட்டருக்கு ஒரு வட்டம் போடுங்கள். அதற்குள் ஏறக்குறைய 500 ஏக்கர் அடங்கும். சாலை, பள்ளி, கடை, அலுவலகம், பூங்கா என்று பாதியை ஒதுக்கிவிடுங்கள். மீதி 250 ஏக்கரில் வீடு கட்டலாம்.

தோட்டத்தோடு தனித்தனி வீடாக ஏக்கருக்கு 8 வீடு கட்டினால் 2,000 வீடு. வீட்டுக்கு நாலு பேர் என்றால் 8,000 பேர். நாலு மாடி வீடுகளாக ஏக்கருக்கு 60 வீடு கட்டினால் 15,000 வீடு. அதாவது 60,000 பேர். நிலம் ஒன்றுதான். ரயிலடியும் ஒன்றுதான்.

8,000 பேர் இருக்கும் இடத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயில் விட முடியுமா? ஏற ஆள் இருக்காது. மணிக்கு ஒரு ரயில்தான் வரும். மணிக்கு ஒரு ரயில் என்றால் ஜனங்கள் காத்திருக்க மாட்டார்கள். கடன் வாங்கியாவது ஒரு ஸ்கூட்டர் வாங்கிவிடுவார்கள். ரயில் இன்னும் காலியாகும். 60,000 பேர் இருந்தால் நிலைமை வேறு. ரயில் அடிக்கடி வரும். மருந்துக் கடை, இட்லிக் கடை, தையல் கடை எல்லாவற்றுக்கும் ஆள் கிடைக்கும்.

நெருக்கமாக வீடு கட்டினால் சேரி மாதிரி ஆகிவிடாதா என்று சிலர் கேட்பார்கள். நெருக்கம் வேறு, நெரிசல் வேறு. ஒரு குழாயடியில் நூறு குடும்பம் நின்றால் அது நெரிசல். வீட்டுக்கு ஒரு குழாய், நடக்க நல்ல பாதை, பிள்ளைகள் விளையாட ஓர் இடம் இவையெல்லாம் இருந்தால், எத்தனை வீடு அடுத்தடுத்து இருந்தாலும் அது வெறும் நெருக்கம்தான். நம் பழைய கோயில் தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டித்தானே இருக்கின்றன? அங்கே யாரும் மூச்சு முட்டுகிறது என்று சொல்வதில்லை.

உயரமான கட்டடங்களை ரயிலடிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். தள்ளிப் போகப் போக உயரம் குறைய வேண்டும். வெறும் அலுவலகங்களாகக் கட்டினாலும் பயனில்லை. இரவு ஏழு மணிக்கு எல்லோரும் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். தெரு இருண்டு கிடக்கும். கடைசி ரயிலில் இறங்கி வரும் பெண் எப்படித் தனியாக நடப்பாள்? கீழே கடை, மேலே வீடு என்று இருந்தால் விளக்கு எரியும். ஜன்னலில் ஆள் நடமாட்டம் தெரியும்.

இருபது ஆண்டு காத்த ரயில்

இவ்வளவும் தெரிந்தவர்கள்தான் நவி மும்பையைத் திட்டமிட்டார்கள். ஆனாலும் ரயில் உடனே வரவில்லை. 1973-ல் கடற்கழியின் மேல் சாலைப் பாலம் திறந்தார்கள். வாஷியில் வீடுகள் எழுந்தன. ஜனங்களும் குடிவந்தார்கள். வேலைக்குப் போக வேண்டுமானால் பஸ் ஏறி, பாலம் தாண்டி, மான்குர்த் போய், அங்கே ரயில் பிடிக்க வேண்டும். இலை போட்டு ஆட்களை உட்கார வைத்துவிட்டு உலை வைத்த கதைதான்.

வேலையும் அக்கரைக்கு வரவில்லை. தலைமைச் செயலகம் வரும் என்று நம்பினார்கள். வரவே இல்லை. அதே காலத்தில் தெற்கு மும்பையில் கடலைத் தூர்த்து எடுத்த நரிமன் முனையில் உயர உயரமாக அலுவலகங்கள் கட்டினார்கள். ஒரு கையால் கூப்பிட்டு மறு கையால் தடுத்தது போல ஆயிற்று. வெங்காய மண்டியும் உருளைக்கிழங்கு மண்டியும்தான் 1980-களில் வாஷிப் பக்கம் வந்தன. அவற்றுக்குப் பின்னால் காய்கறி, பழ மண்டிகள் வந்தன.

1992 மே 9-ஆம் தேதி மான்குர்த்திலிருந்து வாஷிக்கு ரயில் ஓடியது. 1993-ல் அது பேலாப்பூர் போயிற்று. 1998-ல் பன்வேல் வரை போயிற்று. 2004-ல் தானேயிலிருந்து வாஷிக்கு இன்னொரு பாதை வந்தது. இப்போது தெற்கு மும்பையைத் தொடாமலேயே வடக்கே போகலாம். ரயில் வந்த பிறகு ஊர் வேகமாக நிரம்பியது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நவி மும்பை மாநகராட்சியில் மட்டும் 11 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள்.

பணம் யார் கொடுத்தது?

இது கவனிக்க வேண்டிய விஷயம். ரயில் பாதை போடுவது ரயில்வேயின் வேலை. ஆனால் ரயில்வேயிடம் அப்போது அவ்வளவு பணம் இல்லை. அதனால் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நூறு ரூபாய் செலவு என்றால் 67 ரூபாயைச் சிட்கோ கொடுக்கும். 33 ரூபாயை ரயில்வே போடும்.

சிட்கோவுக்குப் பணம் ஏது? நிலம்தான். ரயில் வருவதற்கு முன்னால் வயலாகவும் உப்பளமாகவும் இருந்த நிலம், ரயில் வருகிறது என்றவுடனே பல மடங்கு விலை ஏறும். அந்த ஏற்றம் நிலத்தை வைத்திருப்பவர் உழைத்ததால் வந்ததல்ல. பொதுமக்கள் பணத்தில் ரயில் வருவதால் வந்தது. பல ஊர்களில் இந்த லாபம் தரகர் கைக்குப் போகும். முன்கூட்டியே சேதி தெரிந்தவர் கைக்கும் போகும். நவி மும்பையில் நிலம் சிட்கோவின் கையில் இருந்தது. மனை விற்ற பணம் ரயிலுக்குப் போயிற்று. டிக்கெட்டிலும் கொஞ்சம் கூடுதல் கட்டணம் வசூலித்தார்கள். வாஷி நிலையத்தின் மேலேயே பெரிய அலுவலகக் கட்டடம் கட்டினார்கள். ரயிலை விட்டு இறங்கி மாடி ஏறினால் வேலை செய்யும் இடம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த நிலம் முதலில் யாருடையது?

ஆக்ரி, கோலி மக்களுடையது. நெல் பயிரிட்டவர்கள், உப்புக் காய்ச்சியவர்கள், மீன் பிடித்தவர்கள். அரசு அவர்கள் நிலத்தை வயல் விலைக்கு எடுத்தது. அந்த நிலம் நகர விலைக்குப் போவதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். தி.பா. பாட்டீல் தலைமையில் போராடினார்கள். 1984 ஜனவரியில் ஜாசாய் பக்கம் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டது. ஐந்து பேர் செத்தார்கள். அதன் பிறகுதான் எடுத்த நிலத்தில் நூற்றுக்கு 12½ பங்கை வசதி செய்த மனையாகத் திருப்பித் தருவது என்று முடிவாயிற்று. ஓர் ஏக்கர் கொடுத்தவருக்கு 12½ சென்ட். அதிலும் பொது வசதிக்கென்று ஒரு பகுதியைக் கழித்தார்கள். வாங்கிய மனையைப் பலர் கட்டடக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். நிலத்தின் விலை ஏறுவதை வைத்து ரயில் போடுவது புத்திசாலித்தனம். ஆனால் நிலம் கொடுத்தவருக்கும் அந்த ஏற்றத்தில் முதலிலேயே பங்கு எழுதியிருக்க வேண்டும். உயிர்ப்பலிக்குப் பிறகு எழுதியது பெரிய குறை.

அந்தக் கிராமங்களின் வீடிருந்த பகுதிகள் இன்னும் ஊருக்கு நடுவே இருக்கின்றன. வாஷி கிராமம் ரயிலடிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குறுகிய சந்துகள். ஒட்டி ஒட்டி வீடுகள். வேலை தேடி வருபவருக்கு வாடகைக்கு அறை கிடைப்பது இப்படிப்பட்ட இடங்களில்தான். நிபுணர்கள் போட்ட படத்தில் இந்த மாதிரி வீட்டுக்குப் போதிய இடம் இல்லை. வேடிக்கைதான்.

கால்நடையாகப் போனால்

வாஷியின் பழைய கடைத்தெருவுக்கும் ரயிலடிக்கும் நடுவே அகலமான நெடுஞ்சாலை ஓடுகிறது. சயன் பகுதியிலிருந்து பன்வேல் போகும் சாலை அது. வரைபடத்தில் பார்த்தால் இரண்டும் பக்கத்தில்தான். மூட்டையோடும் குழந்தையோடும் கடந்து போகிறவருக்குத்தான் தூரம் தெரியும். அந்தச் சாலை இல்லாவிட்டால் லாரி போகாது. அது வேண்டும்தான். ஆனால் ஊரின் நடுவயிற்றில் அது ஓட வேண்டுமா என்று முதலிலேயே யோசித்திருக்கலாம்.

இன்னொன்று வண்டி நிறுத்தும் இடம். ஒரு காரை நிறுத்த, வழியையும் சேர்த்தால், சுமார் 250 சதுர அடி வேண்டும். ஓர் ஏழைக் குடும்பத்தின் சிறிய வீடு அவ்வளவுதான் இருக்கும். ரயிலடி வாசலில் நூறு கார் நின்றால் நூறு வீட்டின் இடம் போயிற்று. காலை ஒன்பது மணிக்கு வந்த கார் மாலை வரை சும்மா நிற்கும். பூக்காரிக்கு வேண்டியது ஒரு கூடை வைக்கும் இடம். ஆயிரம் பேருக்கு அவள் பூ கொடுப்பாள். ஆனால் போலீஸ் அவளைத்தான் எழுப்பும். தெரு வியாபாரிகளுக்கென்று 2014-ல் மத்திய அரசு சட்டம் போட்டது. வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்று தர வேண்டும், அவர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ரயிலடிப் படம் போடும்போதே அந்த இடத்தையும் குறித்துவிட்டால் பின்னால் சண்டை இல்லை.

அண்மையில் கட்டியவை இன்னும் பளபளப்பானவை. நேருளுக்குப் பக்கத்தில் சீவுட்ஸ் நிலையத்தின் மேலேயே ஒரு பெரிய அங்காடி வளாகம் இருக்கிறது. அது 2017-ல் திறந்தது. மழையில் நனையாமல் ரயிலிலிருந்து கடைக்குள் போகலாம். அங்கே ஒரு கடையை வாடகைக்கு எடுப்பது சிறு வியாபாரியால் ஆகிற காரியமல்ல.

உங்கள் ஊருக்கு வந்தால்

2017-ல் மத்திய அரசு ஒரு கொள்கை வெளியிட்டது. மெட்ரோ, ரயில், பெரிய பஸ் நிலையம் ஆகியவற்றைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர் வரை நெருக்கமாகவும் நடக்கத் தகுந்தபடியும் ஊரை அமைக்க வேண்டும் என்பது அது. அதனால் இப்படிப்பட்ட திட்டம் உங்கள் பக்கத்துக்கும் வரலாம். திட்டத்தின் வரைவைச் சட்டப்படி மக்கள் பார்வைக்கு வைப்பார்கள். குறிப்பிட்ட நாட்களுக்குள் யாரும் கருத்தும் ஆட்சேபணையும் எழுதிக் கொடுக்கலாம். பெரும்பாலும் நிலம் வாங்கி விற்பவர்கள்தான் போய்ப் பார்க்கிறார்கள்.

நீங்களும் நாலு பேராகச் சேர்ந்து போங்கள். படத்தில் ரயிலடி எங்கே என்று கேளுங்கள். படத்தின் ஓரத்தில் அளவுகோல் இருக்கும். 800 மீட்டருக்கு எவ்வளவு என்று ஒரு நூலில் அளந்து, ரயிலடியை நடுவாக வைத்துச் சுற்றிப் பாருங்கள். வட்டத்துக்குள் குறைந்த வாடகை வீடு இருக்கிறதா? பள்ளிக்கூடம் இருக்கிறதா? சந்தைக்கு இடம் விட்டிருக்கிறார்களா? நடுவே நெடுஞ்சாலை ஓடுகிறதா, ஓடினால் எங்கே கடப்பது? எவருடைய வீடும் வயலும் போகிறது, அவருக்கு என்ன தருகிறார்கள்?

நூல் நேராகப் போகும். கால் அப்படிப் போகாது. அதனால் உங்கள் தெருவிலிருந்து ரயிலடி வரைக்கும் ஒருநாள் நடந்து பாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது, எங்கே நடைபாதை இல்லை, எங்கே விளக்கு இல்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதையே உங்கள் மனுவோடு சேர்த்துக் கொடுக்கலாம். கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கடைசித் தேதி எது என்பது அறிவிப்பிலேயே போட்டிருக்கும்.