ஆறலைகள்வர் யார்?



சவ்வாது மலைச்சாரலில் விழாக் கண்டு மகிழும் நாம், இன்று ‘ஆறலைகள்வர்’ என்னும் பழஞ்சொல்லைச் சிறிது சிந்திப்போம்.

‘ஆறு’ என்பது ஈண்டு நீர்ப்பெருக்கன்று, வழி. ‘அலைத்தல்’ என்பது வருத்துதல். வழிச்செல்வோரை வருத்திப் பொருள் பறிப்போர் என்பது இச்சொல்லின் பொருள். ‘வழிப்பறி’ என்று இந்நாளில் வழங்குவதும் இச்செயலையே.

பொருநராற்றுப்படை இச்சொல்லை ஆள்கின்றது. பாலை யாழிசை கேட்ட ஆறலைகள்வரும் படைக்கலம் நழுவவிட்டு, மறம் நீங்குவராம். ஆகவே, கள்வர் என்பது செயல் பற்றி வந்த பெயரேயன்றிப் பிறப்புப் பற்றி வந்ததன்று. செயல் நீங்கின் பெயரும் நீங்கும்.

மலையில் வாழ்வோரைக் கண்ட அளவில் கள்வரென ஐயுறுதல் தகுமோ? செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாம், நவிரமலைக் காரியுண்டிக் கடவுளையும் இம்மலையிற் பிறக்கும் சேயாற்றையும் போற்றுகின்றது. அந்நூலில், வழிவந்த கூத்தர் மலைக்குடிகளின் இல்லத்தில் தம் இல்லம்போல் புகலாம், தினைச்சோறும் பெறலாம். ஆறு காட்டி விருந்தளித்த மரபினர் இம்மக்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தோர் எனப்பட்ட 20 தமிழர் ஆந்திரக் காவலரின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். அவர்களுள் இம்மலையினரும் இருந்தனர். கள்வர் என்னும் ஒரு சொல்லால் ஒருவரை அளந்துவிடுதல் எத்துணைக் கொடிது என்பதை எண்ணுதல் வேண்டும்.

கொங்கு நாட்டுத் திருமுருகன்பூண்டியில் நிகழ்ந்ததைக் கேண்மின். சேரமான் பெருமாள் அளித்த பெரும்பொருளோடு சுந்தரமூர்த்தி சுவாமிகள் வருகின்றார். வேடர் வழிமறித்து அனைத்தையும் பறிக்கின்றனர். ‘ஆறலைக்கும் இவ்விடத்தில் எம்பெருமானே, நீர் எதற்காக இருக்கின்றீர்?’ என்னும் கருத்தமைய நம்பிகள் பதிகம் பாட, பொருள் யாவும் திரும்பி வருகின்றது. பறித்தவர் யாவர்? இறைவன் ஆணையால் வேடர் வடிவில் வந்த பூதகணங்கள்! வடிவு கண்டு மயங்கலாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அங்ஙனமாயின், உண்மை ஆறலைகள்வர் யார்? சிவஞானபோதத்தின் எட்டாம் நூற்பா, ஐம்புலன்களையே வேடர் என உருவகம் செய்கின்றது. அவரிடையே வளர்ந்த அரசகுமாரன் தன்னை மறந்தாற்போல, உயிரும் தன் தலைவனை மறந்து திகைக்கின்றது. நாம் செல்லும் சிவநெறியும் ஓர் ஆறே. அவ்வாற்றில் நின்று நம்மை அலைப்போர் வெளியே இல்லை, உள்ளேயே உறைகின்றனர்.

எனவே, புறத்தே பிறரை ஐயுறுதல் விடுத்து, அகத்துக் கள்வரைக் காத்து விலக்குவோம். யாழிசை படைக்கலத்தை நழுவச் செய்ததுபோல, ஐந்தெழுத்து அவர்தம் வலியை நழுவச் செய்யும்.

திருச்சிற்றம்பலம்.